நீ வைத்த சிவப்புப் புள்ளி

எல்லா வண்டியின் பானட்டையும் எனக்கு முந்தித் திறந்து, கடைசியில் எனக்கு முந்தியே போய்ச் சேர்ந்த என் அமலன் மச்சானுக்கு,

உன் கார் ஓடுகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்ற எதையும் நீ காது கொடுத்துக் கேட்க மாட்டாய்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. பெரம்பலூரில் நம் ஒர்க்‌ஷாப் நடக்கிறது. முன்பு உன்மேல் மட்டும் எரிந்து விழுவேன், இப்போது எல்லார் மேலும் விழுகிறேன். உன் கார்தான் பின் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. தேய்ந்துபோன கேம் ஷாஃப்ட் இரண்டையும் கழற்றிவிட்டு, புதியவற்றை மாட்டி வைத்திருந்தாய். டைமிங் பெல்ட் போடுவதுதான் பாக்கி. நாளைக்குப் போடலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாய். அன்றைக்கு வந்த நெஞ்சுவலி உன்னை அந்த நாளையைப் பார்க்க விடவில்லை.

அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. என் தங்கைதான், உன் ஸ்டெல்லா, போன மாதம் வந்து நின்றாள். உன் நினைவுத் திருப்பலிக்கு ரீனா சென்னையிலிருந்து ரயிலில் வருகிறாள், அரியலூர் ஸ்டேஷனிலிருந்து அவளை அவள் அப்பா காரில்தான் கூட்டி வரவேண்டும், தானே ஓட்டவேண்டும் என்றாள். உன் மகள் உன் அடக்கத்துக்கு வந்துவிட்டுப் போனவள், அப்புறம் வரவே இல்லை, தெரியுமா? வீட்டுக்கு வந்தால் அப்பா இல்லை என்பது நிஜமாகிவிடும் என்று போனில் அழுதாளாம். இந்தத் தடவையும் பாதியில் திரும்பிவிடுவாளோ என்று ஸ்டெல்லாவுக்குப் பயம்.

ஒரு பெல்ட் போட இவ்வளவு யோசனையா மாமா என்று ரீனா போனில் என்னிடம் கேட்டாள். உனக்கு விளக்க வேண்டாம், அவளுக்கு விளக்கினேன். கேம் சுற்றினால் வால்வு திறந்து மூடும், கீழே பிஸ்டன் ஏறி இறங்கும், இரண்டையும் ஒன்றுக்கொன்று இசைவாக ஓட்டுவது அந்த பெல்ட். பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் வால்வு இறங்கும் நேரத்தில் பிஸ்டன் வந்து முட்டலாம். வால்வு வளைந்தால் எஞ்சின் போச்சு.

எனக்குக் கவலை இல்லை என்றுதான் இருந்தேன். கேம் சக்கரத்தில் கம்பெனிக் குறி தேய்ந்திருந்தாலும், நீ வைத்த சிவப்புப் புள்ளி இருந்ததே. ரீனாவின் நெயில் பாலிஷை எடுத்து வந்து வைத்துவிட்டு, அவளிடம் திட்டு வாங்கினாயே, அதே சிவப்பு. அந்தப் புள்ளியை எஞ்சின் மேலிருக்கும் கோட்டுக்கு நேராக நிறுத்தி பெல்ட்டை மாட்டினேன். நீ வைத்ததைச் சரிபார்க்க நான் யார்?

ஸ்டார்ட் செய்யும் முன் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்க்கவேண்டும் அல்லவா, அதைத் தான் செய்வதாக ஸ்டெல்லா ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள். பாதிச் சுற்றில் நிறுத்தினாள்.

“அண்ணே, இதுக்கு மேல போவல. உள்ள என்னமோ முட்டுது.”

உள்ளே அடைபட்ட காற்றின் கம்ப்ரஷனாக இருக்கும், அழுத்திச் சுற்று என்றேன்.

“பிளக்கு நாலும் கழட்டித் தட்டுல கெடக்கு, காத்து அந்த ஓட்டை வழியாப் போயிடுமே. அப்புறம் ஏது கம்ப்ரஷன்?”

ஸ்பேனரை அவள் கையிலிருந்து வாங்கினேன். என் பேச்சைக் கேட்டு அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் உன் எஞ்சினை நானே கொன்றிருப்பேன்.

மெல்லப் பின்னால் திருப்பி, பெல்ட்டை இறக்கிவிட்டு, நுண்ணளவு காட்டும் டயல் கேஜை வைத்து முதலிலிருந்து அளந்தேன். ஒரு கேம் ஒரு பல் முந்தி நின்றது. உன் புள்ளி பழைய கேமுக்கு வைத்தது, மச்சான். புதிய கேமில் அதே சக்கரம் உட்காரும் இடம் அந்த அளவுக்கு மாறியிருந்தது. மறுநாள் வந்திருந்தால் நீயே கண்டுபிடித்திருப்பாயா? கண்டுபிடித்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். யாரிடம் கேட்பது?

ஒரு பல் தள்ளி மாட்டினேன். இரண்டு சுற்றும் தடையில்லாமல் சுற்றியது. மூடியைப் போடப் போனபோது, அந்தப் புள்ளியை அழித்துவிடச் சொன்னாள் ஸ்டெல்லா. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் கைபட்டதில் மிச்சம் இருப்பது இதுதான், உனக்கு மனசே இல்லையா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

“நாளைக்கு இத நம்பி வேற யாராவது மாட்டுவாங்க. அவரு வெச்ச புள்ளியாலயே அவரு வண்டி ஒடையணுமாண்ணே?”

தின்னரில் துணியை நனைத்து அவளே நீட்டினாள். துடைத்தேன். ஒரே துடைப்பில் போய்விட்டது. அப்புறம் இரண்டு பேரும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு அழுதோம். அழுது முடித்துச் சரியான இடத்தில் நான் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன்.

நேற்று அரியலூர் போனோம். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே, ஒன்றைக்கூட முந்தாமல் ஓட்டினாள் உன் பெண்டாட்டி. நான் பின்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ரீனா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தவள், காரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஸ்டெல்லா கூப்பிடவில்லை, எஞ்சினையும் நிறுத்தவில்லை. ரீனா கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு வந்து முன்கதவைத் திறந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வூட்டுக்குப் போவலாம்மா” என்றாள்.

அடுத்த முறை பெல்ட் மாற்றும்போது அவளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்வேன், மச்சான். மாமா வைத்த புள்ளி தப்பாக இருந்தால் யோசிக்காமல் அழித்துவிடு என்று அவளிடம் சொல்லி வைப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் ஸ்டெல்லாவின் அண்ணன், ரீனாவின் மாமன்,
உன் மச்சான் சூசை