கரிசலைக் கொட்டவிடவில்லை

மகாராஷ்டிரா,
12.1.1996

அன்புள்ள அம்மாவுக்கு, பொற்கொடி வணக்கத்துடன் எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

இங்கே நிலக்கரி எடுப்பதற்கு முன் மேல்மண்ணை அகற்றுவார்கள். குழி தோண்டி, மண்ணின் நிறமும் பதமும் பார்த்து, இன்ன வகை மண் என்று எழுதுவதுதான் என் வேலை. போன வாரம் குழிக்குள் நின்றபோது ஓரம் சரிந்து முழங்கால்வரை மூடிவிட்டது. பயப்படாதீர்கள், கீறல்கூட இல்லை. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் லாரியோடு வந்திருக்கும் சென்னியப்பன் அண்ணன், "அம்மணி, அசையாம நில்லுங்க. மண்ண நான் அள்ளிப்போடறேனுங்க" என்று ஓடிவந்து மீட்டுவிட்டார்.

மேலே வந்ததும் நேராக மேனேஜரிடம் போனேன். "இது அருமையான கரிசல். கல்லோடு சேர்த்துக் கொட்டக் கூடாது. சுரங்கத்தை மூடும்போது இதைத்தான் மேலே பரப்ப வேண்டும்" என்றேன்.

"எல்லாம் மண்தானே?" என்றார்.

கரிசலையும் அடியிலிருந்த சரளையையும் நனைத்து, அவர் முன்னாலேயே உருட்டினேன். கரிசல் கயிறாகத் திரண்டது, சரளை உதிர்ந்தது. மனிதர் உடனே மண் கொட்டும் லாரிகளை நிறுத்தச் சொன்னார். இப்போது கரிசல் தனி மேடாகக் கிடக்கிறது. அடுத்தவர் காட்டில் களையெடுத்து நீங்கள் படிக்கவைத்த பிள்ளை சொல்லி அத்தனை லாரிகளும் நின்றன, அம்மா.

சென்னியப்பன் அண்ணன் இந்தக் கடிதத்தோடு ஊருக்கு வருகிறார். அவரிடம் தலைக்குத் தேய்க்க அரப்புத்தூளும், நீங்கள் உடுத்திய சேலை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். புதுசு வேண்டாம். லாரியைக் கிளப்பிவிட்டார், முடிக்கிறேன். தங்கச்சியை இதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்து ஊட்டுக்கும் கேட்கட்டும்.

உங்கள் மகள்
பொற்கொடி