இப்ப கச்சான் வரப் போகுது

இன்று காலை கச்சான் காற்று தொடங்கிவிட்டது, சேர். வகுப்பு மேசையெல்லாம் கடற்கரை மணல். தட்டித் துடைத்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் பின்வரிசை வாங்கில் இருக்கிறீர்கள் என்றே ஒரு கணம் நினைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. கதிரையில் இருந்து அழுதேன்.

சண்டை முடிந்த புதிது. உங்கள் பல்கலைக்கழகம் பயிற்சி ஆசிரியர்களைக் கற்பிட்டிக்கும் அனுப்பத் தொடங்கியிருந்தது. உங்களுக்கு முன் வந்த விரிவுரையாளர்கள் பின்வாங்கில் இருந்து புள்ளி போட்டுவிட்டு, பிளேன்டீ குடித்துப் போய்விடுவார்கள். வகுப்பு டீச்சரான என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஹட்டன் மலைப்பக்கத்திலிருந்து பயிற்சிக்கு வந்த சுகந்திக்கு அன்று கடைசிப் பரீட்சைப் பாடம். விழுந்தால் நியமனம் இல்லை. கழித்தல் படிப்பிக்க வறுத்த கச்சான் கொட்டை வாங்கி, முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள். அவள் ஊரில் கச்சான் என்றால் நிலக்கடலைதான்.

"பிள்ளைகள், இப்ப கச்சான் வரப் போகுது. சந்தோஷமா?"

முன்வாங்குச் சிறுமியின் முகம் வாடிவிட்டது. "இல்ல மிஸ். கச்சான் வந்தா வாப்பா கடலுக்குப் போக ஏலாது."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து, சுகந்தி அவளை வெளியே நிறுத்திவிட்டாள். பிறகு பாடமே குழம்பிப் போனது.

"பிள்ளையை வெளியில விட்ட அவவை எப்படி டீச்சர் பாஸாக்கிறது?" என்றீர்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கச்சான் எண்டா இங்க காத்து எண்டு அவவுக்கு ஆர் சேர் சொன்ன? நீங்களும் சொல்லல்ல, நானும் சொல்லல்ல. முதல்ல நாம ரெண்டு பேரும் பெயிலாகுவம்!"

பல்கலைக்கழகத்துச் சேரிடமா இப்படிக் கத்தினேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீங்களோ சிரித்துவிட்டீர்கள். "ஓம், எனக்கும் தெரியாதுதான். நாளைக்கு அவ திரும்பப் படிப்பிக்கட்டும். புள்ளியை ரெண்டு பேரும் சேர்ந்து போடுவம்."

பின்னேரம் மூவரும் கரைக்கு நடந்தோம். வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த அந்தச் சிறுமியின் வாப்பா, எந்தக் காற்றில் எந்த மீன் என்று சுகந்திக்குச் சொன்னார். மறுநாள் அவள் முதலில் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு வாப்பாவின் மீனையே கணக்காக்கிக் கழித்தல் படிப்பித்தாள். நல்ல பாடம், சேர். மனமாரப் புள்ளி போட்டோம். அதன்பிறகு நீங்கள் அழைத்துவந்த எல்லோருமே முதலில் கரைக்குத்தான் போனார்கள்.

நீங்கள் காலமான செய்தியை எனக்குச் சொன்னதும் சுகந்திதான். "சேர் எனக்கு ஒரு நாள் தந்தார், டீச்சர்" என்று விம்மினாள்.

நேற்று இங்கே ஒரு பயிற்சிப் பிள்ளை பாடத்தில் தடுமாறி, பாதியில் நிறுத்திவிட்டது. புது விரிவுரையாளர் புள்ளி போடப் பேனையைத் திறந்தார்.

"மூடுங்க சேர்," என்றேன். "நாளைக்குப் பார்ப்பம்."