துணையாசான் பட்டம் பாதியாக்கப்படாது

வளம் குன்றாதிருக்க, கோல் கோணாதிருக்க.

குவளை நாட்டு மூன்று ஆறுகளுக்கும் முப்பது துறைகளுக்கும் உரியவரான கோமகள் வெண்ணிமாதேவியாரின் பதினோராம் ஆட்சியாண்டு, ஆனித் திங்கள் வளர்பிறை ஐந்தாம் நாள், ஞாழலூர்க் கல்விப் பெருஞ்சாலைத் தலைமைப் பேராசான் இறைகண்டத்தார் திருமுன், கோமகளின் வாய்மொழி கேட்டு அமைச்சர் சேந்தன் தித்தனார் விடுத்த ஓலை. தங்கள் சாலையின் தூண்கள் உறுதியாயிருக்க, நெல்லறை நிறைந்திருக்க, மாணாக்கர் நூற்றெண்பதின்மரும் நோயற்றிருக்க. தங்களுக்கும் நலம் வேண்டலாம்தான். தாங்கள் விடுத்த ஓலையைப் படித்த பின் அமைச்சருக்கு அவ்வளவு தாராளம் வரவில்லை.

துணையாசான் பட்டத்தைத் தங்கள் மருமகன் வீரகேதுவுக்கும், தாங்கள் சாலையினின்று நீக்கிய மாணாக்கி செருந்திக்கும் பாதி பாதியாக அளித்துவிட்டு நடந்ததை மறந்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கோமகள் திருமுன் வாசித்தவர் மூக்கைப் பொத்திக்கொள்ளாததுதான் குறை. நடந்ததை மறக்கத் தாங்கள் விரும்புவதால், அது இங்கே முழுதும் பொறிக்கப்படுகிறது.

தான் கற்றதை உடன் கற்பாருக்கு விளங்கச் செய்யும் மாணாக்கருக்கு, ஆண்டுக்கு ஒருவராகக் கோமகள் அளிப்பது அப்பட்டம். பெற்றவருக்குச் சாலையிலேயே ஆசான் இருக்கையும் உண்டு. இவ்வாண்டு தாங்கள் முன்மொழிந்தது வீரகேது ஒருவனையே. அவன் திறங்காண அமைச்சர் வந்தபோது, அவர் துணி வாணிகர் குடியில் பிறந்தவர் என்பதை விருந்தில் இருமுறை நினைவூட்டி நகைத்தீர்கள். அன்று பிற்பகலே அதைத் தாங்கள் மறந்ததுதான் பிழையாயிற்று.

வீரகேது மேடையில் அமர்ந்தான். அவனிடம் கற்றுத் தேறியவன் என்று காட்டப்பட்ட நன்னாகன் அருகே அமர்ந்தான். இருவர் மடியையும் ஒரே பட்டு மேலாடை மூடியிருந்தது. கோள்களைப் பற்றிப் பேசும்போது கை மூடுவது மரியாதை என்று விளக்கம் தந்தீர்கள். வீரகேது கிரகணக் கணக்கில் வினா வினாவாகத் தொடுக்க, நன்னாகன் இமைக்காமல் எண்களை உதிர்த்தான். கூடியிருந்த அவை தலையாட்டியது. அமைச்சர் மட்டும் அவன் வாயைப் பார்க்கவில்லை, முழங்கையைப் பார்த்தார். சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவோரின் முழங்கை எப்படித் துள்ளும் என்பதை, நடக்கப் பழகுமுன்பே தந்தையின் தோளிலிருந்து கண்டவர் அவர்.

எழுந்தார், வீரகேதுவை நகரச் சொல்லி அவ்விடத்தில் அமர்ந்தார், தம் கையை மேலாடைக்குள் விட்டார். நன்னாகனின் ஐந்து விரலையும் மும்முறை அழுத்தி, ஆண்டுக்குத் திங்கள் எத்தனை என்று உரக்கக் கேட்டார்.

“பதினைந்து!” என்றான் அவன், மணி அடித்தாற்போல.

பின்வரிசையில் ஒரு மாணாக்கன், “போச்சுடா, மானத்தோட மூணு மாசத்தயும் சேத்து வித்துட்டான்” என்றது தங்கள் செவியிலும் விழுந்திருக்கும்.

தனியே அழைத்துக் கேட்டபோது நன்னாகன் அழுதான். அவன் வாய்மொழி வருமாறு: “பன்னெண்டுன்னு எனக்குத் தெரியுங்க. கிரகணமே தெரியுங்க, செருந்தி வெளங்க வெச்சா. ஆனா, ‘கை சொல்றத மட்டும் சொல்லு, நீயா யோசிச்சே, உன் பேரையும் ஏட்டுல சுரண்டிருவோம்’னாரு வீரகேது.”

போலிச் சரக்கை நல்ல சரக்கென்று விற்பவர் பலரை அமைச்சர் அறிவார். அவர்களோடு ஒரே இலையில் உண்டும் இருக்கிறார். கையில் நல்ல சரக்கு வைத்திருந்தவனை மிரட்டி, அதைக் கீழே போட்டுவிட்டுப் போலியைத் தூக்கச் சொன்ன கடையை இங்கேதான் கண்டார். அன்றிரவு தாங்கள் இட்ட பாயசத்தை அவர் தொடவில்லை.

செருந்தியை அவர் கண்டது மறுநாள் தோணித்துறையில், மூட்டை முடிச்சோடு. கிணற்றடியில் வட்டில் துலக்கும்போது உடன் மாணாக்கருக்குப் பாடம் சொன்னாள், அது ஆசான்மாருக்கு இழுக்கு என்பதே அவள்மீது தாங்கள் சாற்றிய குற்றம். கிணற்றடிக்கும் கதவு போட்டுப் பூட்டினீர்கள். பெரிய வட்டிலின் நிழலைச் சிறிய வட்டிலின்மேல் விழச்செய்து, வெயிலில் அவள் கிரகணம் காட்டியிருக்கிறாள். அவளிடம் பாடம் கேட்ட பதினொருவரை அமைச்சர் தனித்தனியே சோதித்தார். ஒவ்வொருவரும் தத்தம் சொல்லில், பிழையின்றிச் சொன்னார்கள். ஒருவன் மட்டும் தலையைச் சொறிந்தான். பிறகு அவனும் சொன்னான்.

இத்திறம் எப்படி வந்ததென்று வினவியபோது அவள் சொன்னது: “நான் என்னத்தங்க சொல்லிக் குடுத்தேன்? எனக்கே மொதல்ல வெளங்கல. நான் முட்டிக்கிட்ட எடத்துலதான அவங்களும் முட்டுவாங்க? அங்க மட்டும் கொஞ்ச நேரம் கூட நின்னேன்.” பட்டம் பற்றிக் கேட்டதற்கு, “அது கெடக்கட்டுங்க. கிணத்தடியத் தொறந்து விடச் சொல்லுங்க. இன்னும் நாலு பேரு பாடம் புரியாம நடுவுல நிக்கிறாங்க. எட்டாம் பெறைக்கு உப்புத்தோணி கெளம்புது, அதுவரைக்கும் பாப்பேன், அப்புறம் எங்க ஊரு பாத்துப் போயிருவேன்” என்றாள்.

பாதி விலைக்குக் கேட்பது சந்தையில் குற்றமன்று. கேட்பவன் அந்தப் பாதியையாவது தருவான். தாங்களோ எதுவும் தராமல், இன்னொருத்தி உழைப்பில் பாதியைக் கேட்கிறீர்கள். இதைப் பேரம் என்று சொன்னால் சந்தைக்காரர் அடிக்க வருவர்.

ஆகவே கோமகள் ஆணையிடுவதாவது: பட்டம் முழுதும் செருந்திக்கே. சாலை ஏட்டில் அவள் பெயரைத் தாங்களே தங்கள் எழுத்தாணியால் மீண்டும் பொறிக்க. வீரகேது ஓராண்டு வட்டில் துலக்குக. அவள் இசைந்தால் அவளிடம் பாடமும் கேட்க. எட்டாம் பிறைக்குள் தாங்கள் தோணித்துறைக்கு நடந்தே சென்று, பல்லக்கின்றிச் சென்று, அவளை அழைத்து வருக. அவள் உப்புத்தோணி ஏறிவிட்டால், தலைமை இருக்கையில் வேறொருவர் அமர்வார்.

குவளை இலச்சினை இட்டு, அரக்கு ஆறுமுன் விடுத்தது. இவ்வோலை கொணர்பவன் மறுமொழி வாங்கமாட்டான். கிணற்றடிக் கதவைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டே திரும்புவான்.