பெயரை மாற்றாதவர்

இன்று காலை அலுவலகப் பயிற்சி அறையின் திரையில் உன் வாக்கியம் வந்தது. என்விரான்மென்ட்டுக்கு நிறத்தைப் பெயராக வையுங்கள், எது லைவ் என்பதைப் பெயரில் எழுதாதீர்கள். அடியில் நம் மேலாளரின் பெயர். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

நீ அதை முதலில் சொன்னது தேக்கா உணவங்காடியில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. கிளினிக்குகளுக்கு முன்பதிவு செய்யும் நம் இணையதளம் ஒரே மாதிரியான இரண்டு என்விரான்மென்ட்களில், அதாவது இரண்டு தனிப் பிரதிகளாக, இருந்தது. ஒன்றை நோயாளிகள் பயன்படுத்துவார்கள். மற்றதில் புது வெர்ஷனைச் சோதித்து, சரியானதும் எல்லோரையும் அதற்குத் திருப்பிவிடுவோம். மேலாளர் அவற்றுக்கு 'லைவ்', 'ஸ்டாண்ட்பை' என்று பெயர் வைத்திருந்தார். திருப்பும்போதெல்லாம் யாராவது ஞாபகமாகப் பெயர்களையும் மாற்ற வேண்டும்.

"ஒரு நாள் மறந்துட்டா? ப்ளூ, க்ரீன்னு வச்சிட்டுப் போலாம் லா. பேரு மாறவே தேவையில்ல," என்றாய். கூட்டத்திலும் சொன்னாய். மேலிடத்துக்கு நிறம் புரியாது என்று அவர் முடித்துவிட்டார்.

பிறகு ஒரு மத்தியானம், ஸ்டாண்ட்பையை அழித்துவிடச் சொல்லி உனக்குப் போன் செய்தார். அன்று காலையில் நோயாளிகளை மற்றதற்குத் திருப்பிவிட்டவர் அவர். எது லைவ் என்று பார்க்கும் அனுமதியும் அவரிடம் மட்டுமே இருந்தது. பெயரை மாற்றினீர்களா என்று நீ கேட்டாய். மறுபடியும் கேட்டாய். மாற்றியாகிவிட்டது என்ற அவர் குரல் பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கே கேட்டது. அவர் மாற்றியிருக்கவில்லை. ஸ்டாண்ட்பை என்ற பழைய பெயரோடு நீ அழித்தது நோயாளிகள் பயன்படுத்திக்கொண்டிருந்ததை.

விசாரணையில் நான் கேட்டதைச் சொன்னேன். தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். அறிக்கையில் 'மனிதத் தவறு' என்று மட்டும் இருந்தது, பக்கத்தில் உன் பெயர். மேலே போய் முறையிடலாம் என்று கொதித்தேன். நீதான் தடுத்தாய். "நீ வொர்க் பாஸ்ல இருக்கற வெளிநாட்டு ஆளு. உன்ன ஊருக்கு அனுப்பிட்டா நான் என்னா செய்வேன்? விடு."

வேலையை விட்டாய். அதன்பின் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் அந்த மத்தியானத்தைப் பற்றியே கேட்டார்கள். அடுத்த தீபாவளிக்குள் மூளையில் ரத்தக் கசிவு வந்து நீ போய்விட்டாய். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். இருக்கட்டும்.

இன்று பயிற்சி அறையில் கையைத் தூக்கி, உன் பெயரைச் சொல்லி, இது உன் யோசனை என்றேன். எல்லோருடைய பங்கும் இதில் உண்டு என்று சொல்லிவிட்டு மேலாளர் அடுத்த பக்கத்துக்குப் போனார்.

சாயங்காலம் தோ பாயோவுக்கு, உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். இத்தனை நாள் அவர் அந்த அறிக்கையைத்தான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். என் மகள் கவனமில்லாமல் செய்துவிட்டாள் என்று எனக்கே சமாதானம் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். கணினி விஷயம் அவருக்குப் புரியவில்லை. நீ திரும்பத் திரும்பக் கேட்டது மட்டும் புரிந்தது.

"அவ கேட்டது அவங்களுக்குத் தெரியும்தானே? அப்ப அத ஏன் எழுதல?"

கிளமெண்டிக்குத் திரும்பும் ரயில் முழுக்க அந்தக் கேள்விதான் என்னோடு வந்தது. நாளை காலை அதை மேலாளருடைய மேசைக்குக் கொண்டுபோகிறேன். வொர்க் பாஸ் போனால் போகட்டும்.