பஞ்சாமிர்த டப்பாவில் ஒரு பிரேக் ரப்பர்

மாப்ளே,

பழனிப் பஞ்சாமிர்த டப்பா ஒன்று என் லேத்துப் பட்டறை மேசையில் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறது. உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது உன் மனைவி அதை என் கையில் கொடுத்தாள். "ஆஸ்பத்திரியில இருக்கும்போதே சொல்லிட்டாகண்ணே, இத ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு" என்றாள். நட்டோ வாஷரோ இருக்கும் என்று நினைத்தேன். உலகத்தில் உள்ள எல்லாச் சாமானையும் நீ அந்த டப்பாக்களில்தானே போட்டு வைப்பாய்.

மூடி இறுகிப்போயிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வாடை நிஜமாகவே இருந்ததா, என் மனசு கிளப்பிவிட்டதா என்று தெரியவில்லை. உள்ளே ஒரு துணிப்பொதி. அதற்குள் இரண்டு கறுப்பு ரப்பர் கப்புகள், பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருப்பவை. ஒன்று புதுசு. இன்னொன்று விளிம்பு ஊதி, உப்பி, பக்கத்தில் இருந்ததைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறாய். ஒரு வரி எழுதி வைக்கவில்லை. எனக்கு எழுத வேண்டியதும் இல்லை.

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்திருக்கிறது.

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் லாரி பார்க்க ஆள் உண்டு, டிராக்டர் பார்க்க ஆள் உண்டு. இங்கிலாந்தில் செய்த பழைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்க நீ ஒருவன்தான் இருந்தாய். கொடைக்கானலிலிருந்தும் மதுரையிலிருந்தும் தேடிக்கொண்டு வருவார்கள். செம்பட்டி ரோட்டில் நம் ஷெட். நடுவில் ஒரு தகரத் தடுப்பு, அந்தப் பக்கம் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் உன் குழி, இந்தப் பக்கம் என் லேத்து. அந்தக் கார்களுக்கு உதிரி கிடைக்காது. நீ தேய்ந்த புஷ்ஷை என் மேசையில் வைத்துவிட்டுப் போவாய், நான் அதே அளவில் கன்மெட்டல் உலோகத்தில் புதிதாகக் கடைந்து கொடுப்பேன். நட்டுகள் நம்மூர் ஸ்பானர் எதற்கும் அடங்காது. "வெள்ளக்காரன் போயிட்டான், நட்ட மட்டும் ஒழுங்கா முறுக்கிட்டுப் போயிருக்கான்" என்று திட்டிக்கொண்டே கழற்றுவாய்.

அந்தக் கார்களில் எனக்குப் பிடித்தது உன் காது வேலைதான். எஞ்சினில் இரண்டு கார்புரேட்டர் இருக்கும். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். நீ முழ நீள ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைப்பாய், மறுமுனையை ஒரு கார்புரேட்டர் வாயில் பிடிப்பாய். பிறகு அடுத்ததில். உஸ்ஸென்ற சத்தம் இரண்டிலும் ஒன்றாகும் வரை திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்புவாய். ஒருநாள் என் காதிலும் வைத்தாய். ரெண்டும் உஸ்ஸுன்னுதான் கேக்குது என்றேன். "ஏலே, ஒனக்குக் காது இருக்குறது கண்ணாடி மாட்டத்தான்" என்று சிரித்தாய். லேத்துச் சத்தத்தில் கெட்டுப்போன காது, நான் என்ன செய்ய?

நம் ஷெட்டில் எதைக் கழற்றினாலும் மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுத்தான் கழுவுவோம். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான். பிரேக் ரப்பரை மட்டும் நீ அந்தத் தட்டுப் பக்கம் கொண்டுபோக மாட்டாய். தனிக் கிண்ணத்தில் பிரேக் ஆயில் ஊற்றிக் கழுவுவாய். "இந்த ரப்பருக்கு மண்ணெண்ணெ ஆகாது மாப்ள, குடிச்சு ஊதிரும்" என்று எனக்கே நாலைந்து தடவை சொல்லியிருக்கிறாய். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

அந்த மாதிரிக் கார்தான் சிறுமலை எஸ்டேட்காரரின் பச்சை வண்டியும். மகன் கல்யாணத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் அதில்தான் வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பிரேக் வேலைதான் பாக்கி. மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்துச் சாமான்களைத் துணியில் பரப்பி வைத்துவிட்டு, உன் மகள் முதன்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மைப் பூசைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டாய். மதியம் பந்தி முடிந்து நீ திரும்பி வருவதற்குள் அந்த வேலையை முடித்து வைத்தால் உனக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகுமே என்று எனக்குத் தோன்றியது. நல்ல எண்ணம்தான். பிரேக் ஆயில் டப்பாவைச் சாய்த்தால் அடியில் ரெண்டு சொட்டு. ஞாயிறு, கடை இல்லை. மண்ணெண்ணெய்த் தட்டு காலடியில் இருந்தது. ஒரு அலசுதானே என்று ரப்பரையும் சேர்த்துப் போட்டேன். போட்டவன் உடனே எடுத்தேனா? இல்லை, டீ குடிக்கப் போய்விட்டேன். வந்து எடுத்துத் துடைத்து உள்ளே போட்டு மூடினேன்.

நீ புதுச் சட்டையில் பிரியாணி வாசத்தோடு வந்தாய். மகள் வெள்ளைக் கவுனில் எப்படி இருந்தாள் என்று சொல்லி முடிக்க உனக்குக் கால் மணி ஆயிற்று. பிறகு குனிந்து பார்த்துவிட்டு, "அட, நீயே மாட்டிட்டியா? ரப்பர எதுல கழுவுன?" என்று கேட்டாய்.

"பிரேக் ஆயில்லதான்" என்றேன்.

உன் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாமே என்றுதான் அப்படிச் சொன்னேன் என வெகு நாள் எனக்கு நானே கதை விட்டிருக்கிறேன். அதெல்லாம் இல்லை. நீ திட்டுவாயே என்ற பயம். நாற்பது வயது ஆளுக்கு அந்தப் பயம்.

நாலாம் நாள் சிறுமலைக்கு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நீ ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். ஏறும்போதே வண்டி கனத்தது. ஒன்பதாவது வளைவோ பத்தாவதோ, ஓரங்கட்டினாய். இறங்கிப் போய்ச் சக்கரத்தருகே கை வைத்தவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய். "டிரம்மு கொதிக்குது மாப்ள. பிரேக்கு விடாமப் புடிச்சிருக்கு." மலைவாழைத் தார் ஏற்றிய லாரி ஒன்று நம்மைத் தாண்டி இறங்கியது. அப்போதுதான் இரண்டாம் தடவை கேட்டாய். கோபமாகக் கேட்கவில்லை, சும்மா ஒரு சந்தேகம் மாதிரிதான் கேட்டாய்.

"ரப்பர பிரேக் ஆயில்லதான கழுவுன?"

அந்த இடத்தில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கெட்ட வார்த்தையில் நாலு திட்டு விழுந்திருக்கும். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு லாரியில் தொற்றிக்கொண்டு இறங்கியிருப்போம். ஆனால் முதலில் சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமான்றேன்ல" என்று எரிந்து விழுந்தேன். தப்பு செய்தவன் நான், எரிந்து விழுந்தவனும் நான்.

என்னை நம்பினாய். அப்படியானால் டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவைத் தான்தான் இறுக்கி வைத்துவிட்டோம் என்று முடிவு கட்டி, ஜாக்கி போட்டு நாலு சக்கரத்திலும் தளர்த்தினாய். டிரம் ஆறும் வரை உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தெரியும், கோளாறு சக்கரத்தில் இல்லை என்று. ஊதிய ரப்பர், எண்ணெய் திரும்பும் பொடித் துளையை மறைத்துக்கொள்ளும். மிதித்த பிரேக் முழுசாக விடாது, விடாத பிரேக் சூடேறும், சூட்டில் எண்ணெய் கொதித்தால் பெடல் தரைக்குப் போய்விடும். நீ சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் உன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

மூன்று வளைவு இறங்கினோம். நாலாவதில் உன் கால் தரை வரை போனதைப் பார்த்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாய், கியரைக் குறைத்தாய், எஞ்சின் கத்தியது, வண்டி கேட்கவில்லை. இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் மலை. நீ வலது பக்கம் ஒடித்தாய். உன் பக்கம் பாறையில் உரசி நசுங்கி நின்றது. எனக்கு நெற்றியில் இரண்டு தையல். உனக்கு முட்டி தூள். அதற்குப் பிறகு அந்தக் கால் மடங்கவே இல்லை.

எஸ்டேட்காரர் ஊர் முழுக்கச் சொன்னார், பிரேக் வேலை தெரியாதவனிடம் வண்டியைக் கொடுத்துவிட்டேன் என்று. கொடைக்கானல் வண்டிகள் நின்றன, மதுரை வண்டிகள் நின்றன. ஆறு மாதம் கழித்துக் கம்பு ஊன்றி வந்தாய். ஷெட்டின் ஓரத்தில் கிடந்த பச்சை வண்டியின் அருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஏதோ கழற்றிக்கொண்டிருந்தாய். நான் லேத்தைவிட்டு நகரவில்லை. மறுநாள் டீக்கடையில் யாரோ கேட்டதற்கு, "ஷூவ நான்தான்ணே டைட்டா வச்சுட்டேன், ஏங் கோளாறுதான்" என்று சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். கிளாஸை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு நீ மொபெட்டும் மோட்டார் பம்ப்பும் பார்த்தாய். ஞாயிறுதோறும் நான் உன் வீட்டுக்கு வருவேன். ஊர்க்கதை பேசுவோம். கிளம்பும்போது கம்பை ஊன்றிக்கொண்டு வாசல் வரை வருவாய். நான் சைக்கிளில் ஏறிய பிறகும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாய். கால் வலிக்குத் தாங்கிக்கொள்கிறாய் என்று நினைத்தேன். "விடு மாப்ள, நேரமாச்சு" என்பேன். விட்டுவிடுவாய்.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் டப்பாவைத் திறந்து காட்டி, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மலை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்ணே" என்றாள்.

"எப்பத்துல இருந்து?"

"அவுக அந்த ரப்பரக் கொண்டாந்த அன்னைக்கே. நான் குதிச்சேன், போயிக் கேக்குறேன்னு. விடல. அவனாவே வந்து சொல்லுவான், நீ வாயத் தொறக்காதன்னாக. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நீங்க போனப்புறம் உள்ள வந்து, இன்னைக்கும் சொல்லலடின்னு சொல்லுவாக. கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாகண்ணே."

அதன் பிறகு அவள் எனக்கு டீ கொடுக்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. நான் அதற்குத் தகுதியானவன்தான். சைக்கிளை எடுத்தபோது வாசலுக்கு யாரும் வரவில்லை.

உன் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஒரு தடவை சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கக் கூடாதா? அறைந்திருந்தால் வாங்கியிருப்பேன். இத்தனை ஞாயிறு காத்திருந்துவிட்டு டப்பாவைக் கொடுத்தனுப்பியிருக்கிறாய், நான் வந்து சொல்ல நீ இல்லை. இது என்ன தண்டனை மாப்ளே?

நாளைக் காலையில் சிறுமலை பஸ்ஸில் ஏறப் போகிறேன். எஸ்டேட்காரர் படுத்த படுக்கை என்கிறார்கள், காது மட்டும் கேட்கிறதாம். அது போதும். ஊதிய ரப்பரைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். புதியதை உன் மனைவியிடமே விட்டுவிட்டு வந்தேன்.

ரப்பரை எதில் கழுவினாய் என்று இரண்டு தடவை கேட்டாய். மண்ணெண்ணெயில்தான் மாப்ளே கழுவினேன்.