ஐந்தாவது பந்தி

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழையும் பனியும் கலந்து. நடைபாதை முழுக்க வழுக்கல். சப்பாத்துக்கு முள்ளு மாட்டிக்கொண்டு கடைக்கு. பால், லீக்ஸ், உறைந்த மீன். கறித்தூள் மறந்துவிட்டேன்.

வாசகர் வட்டத்தின் வெள்ளிவிழா மலர்ப் பக்கங்கள் மின்னஞ்சலில் வந்தன. மலராசிரியர் மரியதாஸ் (இனி ம.தா.) அனுப்பியது. என் கட்டுரை மூன்று பக்கம்: "அமெரிக்க எழுத்தாளர்களின் இளமைக்காலம்". ஐந்து பேர், ஆளுக்கொரு பந்தி. இளமையில் கண்டதும் கேட்டதும்தான் பிறகு எழுத்தாக வருகிறது என்பதற்கு ஐந்து உதாரணங்கள். கோடை முழுக்க இருந்து எழுதியது.

வாசித்தேன். என் பெயர் இருக்கிறது. கட்டுரை என்னுடையதல்ல.

ம.தா. செய்த வேலை (பெயர்களை விட்டு, வட்டத்தில் நான் வைத்த பட்டப்பெயர்களிலேயே எழுதிவைக்கிறேன்):

அச்சுக்கூடத்துப் பையன். நான் எழுதியது: பள்ளியைப் பாதியில் விட்டு எழுத்துக் கோர்க்கப் போனான். ம.தா.: "சிறுவயதிலேயே உழைப்பின் மேன்மையை உணர்ந்தார்."

கப்பல்காரர். நான்: திமிங்கில வேட்டைக் கப்பலில் போய், நடுவழியில் தப்பி ஓடினார். ம.தா.: "கடற்பயணம் மேற்கொண்டு அறிவை விருத்தி செய்தார்."

வீட்டை விட்டு வெளியே வராத பெண். ம.தா.: "பெற்றோருக்குத் தொண்டு செய்வதையே பெரும்பேறாகக் கொண்டார்."

நூலக அட்டை இரவல் வாங்கியவர். கறுப்பு இளைஞன், நூலகத்தில் அவனுக்குப் புத்தகம் தரமாட்டார்கள். கூட வேலை செய்த வெள்ளைக்காரனின் அட்டையை வாங்கி, அவன் எழுதியதுபோலத் தானே துண்டு எழுதிக் கொண்டுபோய் எடுத்தான். ம.தா.: "நூலக விதிகளை மதித்து நிறைய வாசித்தார்."

விதிகளை மதித்து!

ஐந்தாவது பந்தி இல்லவே இல்லை. அது ஒரு குடிகாரத் தகப்பனின் மகனைப் பற்றியது. வீட்டுக்குப் போகப் பயந்து கடைத்தெருவில் நின்று, ஆட்கள் கதைப்பதைக் கேட்டுக் கேட்டே கதைசொல்லி ஆனவன். அந்த இடத்தில் இரண்டு பிள்ளைகள் புத்தகம் வாசிக்கும் படம்.

மருந்து போட மறந்து, பத்தரைக்குத்தான் போட்டேன்.

நவம்பர் 5, புதன்

ம.தா.வுக்குத் தொலைபேசி (தொ.பே.) எடுத்தேன்.

"டீச்சர், கோவிக்காதையுங்கோ. பிள்ளையள் வாசிக்கிற மலர். பள்ளிக்கூடத்தை விட்டவன் பேர் எடுத்தவன் எண்டு போட்டால், என்ர மகள் நாளைக்கே அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து என்ர முகத்துக்கு நேர பிடிப்பாள்."

"அப்ப அவன் பள்ளிக்கூடத்தை விடேல்லையோ?"

"விட்டவன்தான். அதை நாங்கள் ஏன் சொல்லுவான்?"

இருபத்தெட்டு வருடம் வகுப்பில் நின்றவள் நான். ஊரில் பதினொன்று, இங்கே நோர்வேயில் தமிழ்ப் பள்ளியில் பதினேழு. பிழையாகச் சொன்ன பிள்ளையைக்கூட அடித்ததில்லை. இன்னொரு உதாரணம் சொல்லிப் பார்ப்பேன். ம.தா.வுக்கும் சொன்னேன். "தம்பி, ஒரு வரைபடத்தில சேற்று நிலத்தை மறைச்சுப்போட்டு ரோட்டு மட்டும் கீறினால், அதைப் பார்த்து நடக்கிறவனுக்கு என்ன நடக்கும்?"

"டீச்சர், இது வரைபடமில்லை, மலர்."

வைத்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

எல்லிங்ஸ்ருட் மண்டபத்தில் வாசகர் வட்டக் கூட்டம். இருபது பேர், தேத்தண்ணியோடு தின்ன மூன்று வகை ரோல்ஸ். மூன்று பக்கத்தையும் மேசையில் விரித்து, பழைய வசனம், புதிய வசனம் என்று வாசித்துக் காட்டினேன். "விதிகளை மதித்து" என்றதும் பின்வரிசையில் சிரிப்பு. ம.தா.வின் காது சிவந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது.

கை கழுவும் இடத்தில் இரண்டு பேர், நான் உள்ளே இருப்பது தெரியாமல்:

"டீச்சருக்கு இந்த வயசில ஏன் இவ்வளவு கோவம்?"

"சீனி கூடியிருக்கும்."

"அமெரிக்காக்காரன் பள்ளிக்கூடம் போனாலென்ன, போகாட்டியென்ன. எங்களுக்கு ரோல்ஸ் போதாமல் போச்சுது."

வெளியே வந்து "சீனி ஆறு புள்ளி ரெண்டு, நல்லாத்தான் இருக்கு" என்றேன். இரண்டு பேரும் சுவரோடு ஒட்டிவிட்டார்கள்.

முடிவு: நான்கு பந்திகளும் நான் எழுதியபடியே வரும். ம.தா. எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். ஐந்தாவதைக் கேட்டபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "அதைப்பற்றித் தனியக் கதைப்பம், டீச்சர்."

நவம்பர் 7, வெள்ளி

ம.தா. ஹவுகன்ஸ்டுவாவில் என் வீட்டுக்கே வந்தார். இதுவரை வந்ததில்லை. சப்பாத்தைக் கழற்றவில்லை, தேத்தண்ணி வேண்டாமாம்.

"மற்றதெல்லாம் நான் மாத்தினதுதான். என்ர பிழை. அஞ்சாவதை நான் தொடேல்லை, டீச்சர்."

"பின்ன ஆர் தொட்டது?"

"பக்கம் போடுறது ஆர்?"

மலரின் பக்கங்களைக் கணினியில் அமைத்துத் தருவது அன்ரன். என் மகன். வட்டத்துக்குச் சும்மா செய்துகொடுக்கிறான், நான்தான் கேட்டுச் சேர்த்துவிட்டேன்.

"கேட்டனான். 'அம்மான்ர கட்டுரையில அந்தப் பந்தி வராது அண்ணை' எண்டான். வேற ஒண்டும் சொல்லேல்லை. திங்கள் மத்தியானம் அச்சுக்குப் போகுது. நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவு சொல்லுங்கோ."

அவர் போன பிறகு வாசலில் உருகிய பனியைத் துடைத்தேன். காய்ந்த இடத்தையும் திரும்பத் துடைத்தேன். என் மகன். நான் பெற்றவன் என் எழுத்தை வெட்டுகிறான்!

நவம்பர் 8, சனி

−4. வெயில். அன்ரன் லோறென்ஸ்கூக்கிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தான், தனியே. புட்டு, மீன் குழம்பு. சாப்பிட்டு முடியட்டும் என்று காத்திருக்க நினைத்தேன். முடியவில்லை.

"ஏன் எடுத்தனி?"

அவனுக்கு உடனே விளங்கியது. "ஆக்கள் அதை அப்பா எண்டுதான் வாசிப்பினம்."

"அது அமெரிக்காவில. எத்தினையோ வருசத்துக்கு முதல்."

"அம்மா, நான் முதல் தரம் வாசிக்கேக்க அப்பா எண்டுதான் வாசிச்சனான்."

இவர் போய் ஆறு வருடம். இறந்தவரை இதற்குள் இழுக்காதே என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன். கரண்டியை வைத்தான்.

"சனிக்கிழமை மத்தியானம் கதவுக்கு வெளியில நிண்டு காதைக் குடுத்துக் கேப்பன். அப்பா பாடினால் பயமில்லை, உள்ளுக்கு வரலாம். சத்தமில்லையெண்டால் திரும்பி பிப்லியோதேக்குக்குப் போறது. லைப்ரரி பூட்டுமட்டும் அங்கதான். நீங்கள் தமிழ்ப் பள்ளியில என்ன சொல்லித் திரிஞ்சனீங்கள்?"

நான் குழம்புச் சட்டியை மூடப் போனேன். அவன் விடவில்லை.

"'என்ர மகனைப் பாருங்கோ, நூலகம் பூட்டுமட்டும் புத்தகத்தோடதான் இருப்பான்.' அதைக் கேட்டிட்டுச் சனம் தங்கட பிள்ளையளையும் அங்க கொண்டுவந்து விட்டவை. பிறகு மரியதாஸ் அண்ணையும் மகளைக் கொண்டுவந்து விட்டவர். என்னை உதாரணமாக்கினியள். இப்ப அமெரிக்காக்காரன்ர தகப்பனை மட்டும் உண்மையா எழுதோணும்."

"நான் நல்லதுக்குத்தானே..."

"மரியதாஸ் அண்ணையும் அதைத்தானே சொல்லுறார்."

மேசையில் அடித்தேன், கையால். தண்ணீர்க் குவளை விழுந்தது. அறுபத்தொன்பது வயதில் முதல் தடவை. அவன் துணி எடுத்துத் துடைத்து, தன் கோப்பையைக் கழுவி வைத்து, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனான். வெளிக்கதவை அடித்துச் சாத்தவில்லை. சாத்தியிருக்கலாம்.

நவம்பர் 9, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை. பிரசங்கம் எதைப் பற்றி என்று இப்போது கேட்டால் தெரியாது. ம.தா. இரண்டு வரிசை முன்னால். தலையை மட்டும் அசைத்தார்.

கோபம் யார்மேல் என்று எழுதிப் பார்க்கிறேன்.

ம.தா.மேல்: இருந்தது, இப்போது இல்லை.
அன்ரன்மேல்: என்னிடம் கேட்காமல் வெட்டியதற்கு. இன்னும்.
இவர்மேல்: நிறைய. கல்லறைக்குப் பூவும் மெழுகுதிரியும் கொண்டுபோய் வைத்து இன்றைக்கு எட்டு நாள். வைத்த கையை என்ன செய்ய.

மத்தியானம் அலுமாரிக்கு மேலிருந்து பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன். அன்ரன் சின்னவனாக இருந்த வருடங்கள். சனிக்கிழமைகளை மட்டும் பார்த்தேன்.

"இவருக்குச் சுகமில்லை. அன்ரன் நூலகத்தில்."
"இவருக்குச் சுகமில்லை. மழை."
"இவருக்கு மீண்டும் சுகமில்லை. விருந்துக்குப் போகவில்லை."
"அன்ரன் இன்றும் வாசித்துவிட்டு ஏழு மணிக்கு வந்தான். கெட்டிக்காரன்."

பூட்டி வைத்த கொப்பி. நான் மட்டுமே வாசிப்பது. இதற்குள்ளும் ஒரு ம.தா. இருந்திருக்கிறாள். அவளை யாரும் நியமிக்கவில்லை.

ஹோட்டல் சமையலறையில் வேலை முடித்து, வெள்ளி பின்னேரம் தொடங்கினால் சனி இருட்டும்வரை. இவர் குடித்தார். எழுதியாயிற்று. கோபம்தான் வருகிறது. இரண்டு சொல். முப்பது வருடம்.

இரவுச் சாப்பாடு: நேற்றைய புட்டு.

நவம்பர் 10, திங்கள்

மூடுபனி. ஜன்னலுக்கு எதிர் புளொக் தெரியவில்லை.

ஒன்பதரைக்கு ம.தா.வுக்குத் தொ.பே. கட்டுரை முழுவதையும் எடுத்துவிடச் சொன்னேன்.

"டீச்சர்! நாலு பந்தியும் நீங்கள் கேட்டபடி திருத்தியாச்சு!"

"அஞ்சு இல்லாமல் நாலு போடேலாது. அஞ்சைப் போடுறதுக்கு எனக்கு இன்னும் உரிமையில்லை."

"அப்ப அந்த மூண்டு பக்கத்துக்கு நான் என்னத்தைப் போட?"

"வாழ்த்துச் செய்தி. உங்களிட்டக் குவிஞ்சு கிடக்கும்."

சிரிப்பாரென்று நினைத்தேன். "என்ர மகளும் அந்த லைப்ரரியில ஏழு மணிமட்டும் இருந்தவள், டீச்சர்" என்று மட்டும் சொன்னார். நான் ஏனென்று கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு அன்ரனே தொ.பே. எடுத்தான், வேலையிடத்திலிருந்து.

"அம்மா, கட்டுரையை ஏன் வேண்டாமெண்டனீங்கள்? நான் ஒரு பந்தியைத்தானே எடுத்தனான்."

"அதை விடு. அந்தக் கதவுக்கு வெளியில நிண்டது. எத்தினை வயசில தொடங்கினது?"

அவனுக்குப் பின்னால் யாரோ நோர்வே மொழியில் கதைத்துக்கொண்டு போனார்கள்.

"ஏழு. ரெண்டாம் வகுப்பு."

"ஏழா? நான் பத்து எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

"அப்ப, நான் வெளியில நிண்டது உங்களுக்குத் தெரியும்."

"ஓம்" என்றேன்.