முதுகுக்குப் பின்னால் நிற்கும் காலம்

அன்புள்ள வாலு,

அப்பா எழுதுகிறேன். அங்கே குளிர் கொஞ்சம் விட்டிருக்கும், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்தபடியே இதை ஆரம்பிக்கிறேன். இங்கே அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் வலி படி ஏறும்போதுதான் வருகிறதாம், இறங்கும்போது வருவதில்லையாம், அதனால் இனிமேல் இறங்கிக்கொண்டே இருக்கப் போகிறேன் என்று அவளே சொல்லிச் சிரிக்கிறாள். குளியலறைக் குழாய் மூன்று மாதமாக ஒழுகிக்கொண்டிருந்ததே, அதைச் சரிசெய்தாயிற்று, அது ஒழுகும் சத்தம் எனக்கு எப்போதோ நின்றுவிட்டது என்பது வேறு விஷயம். நானும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதனால்தான் போனை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ கூப்பிட்டாய். அம்மா கடைக்குப் போயிருந்தாள். நீ வேலையைப் பற்றி ஒரு விஷயம் சொன்னாய், நான் ‘ரொம்ப சந்தோஷம்மா, அம்மா வந்ததும் சொல்றேன்’ என்றேன். கொஞ்ச நேரம் உன் பக்கம் பேச்சே இல்லை. அப்புறம் ‘சரிப்பா’ என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. அம்மாவோடு இரண்டு நிமிஷம் பேசுகிறாய், அப்பாவைக் கூப்பிடவா என்றால் ‘இருக்கட்டும்மா, அப்புறம் பேசிக்கிறேன்’ என்கிறாயாம். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கினேனா என்று எனக்குப் பத்து நாளாகப் பெரிய சந்தேகம் வந்திருக்கிறது. அதை உன்னிடம் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று நீ பயப்படுவாய்.

எங்கள் கச்சேரிக்கு நீ வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கர் மந்தமாக இருக்கிறது, கம்பெனிக்கு எழுதிக் கேள் என்று உன்னை எத்தனை முறை நச்சரித்தேன். அந்தப் புகாரை வாபஸ் வாங்கிவிடு. ஸ்பீக்கர் மேல் ஒரு பிழையும் இல்லை. போன விடுமுறைக்கு நீ வந்திருந்தபோது பழைய கறுப்பு ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் நானும் பெட்டிக்காரரும் மாடிப்படியில் தூக்கப்போய், எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாள் தரையில் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் இதை வாங்கி அனுப்பினாய். பெட்டிக்காரரை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அதையே தாளமாகத் தட்டுகிற மனிதர், தட்டுவதைவிடப் பேசுவது அதிகம். அட்டைப்பெட்டி மேல் இங்கிலீஷில் ‘column’ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ‘காலம் ஸ்பீக்கராம்ணே, நமக்குக் காலம் வந்துடுச்சு’ என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் அதற்குப் பெயரே காலம்தான். காலத்தை வண்டியில் ஏற்றியாயிற்றா, காலத்துக்கு மழை படாமல் பார்த்துக்கொள் என்று ஒரே கூத்து. அடியில் ஒரு சின்னப் பெட்டி, அதன் மேல் துண்டு துண்டாகச் செருகுகிற ஒல்லிக் கம்பம், அவ்வளவுதான். ஒரு தோளில் கிதார், இன்னொரு தோளில் கம்பம், ஒரே நடையில் எல்லாம் உள்ளே போய்விடும். காபிக் கடை மூலையில் அரை மேசைக்கான இடம் போதும். என் இடுப்பு உனக்கு நன்றி சொல்கிறது, அதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

பழைய பெட்டிகள் எங்களுக்கு முன்னால் நிற்கும், முகம் ஜனங்களைப் பார்த்திருக்கும். அவர்களுக்கு என்ன போய்ச் சேருகிறது என்று வாசிக்கிற எங்களுக்குத் தெரியாது. அதனால் ஆரம்பிப்பதற்கு முன் நான் போய் நாற்காலிகளுக்கு நடுவில் நின்று கேட்டுவிட்டு வந்து குமிழ்களைத் திருகுவேன். பாடுகிற அம்மா எப்போதாவது ‘கொஞ்சம் கூர்மையா இருக்கோ’ என்பாள். மேடையில் நிற்பவளுக்கு என்ன தெரியும், முன்னால் நின்று கேட்க வேண்டும் என்று வாயை அடைத்துவிடுவேன். இருபத்தாறு வருஷமாக எனக்கு அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. காலம் எங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. ஜனங்கள் கேட்பதெல்லாம் முதலில் எங்கள் முதுகில் பட்டுத்தான் போகிறது. அவர்களுக்குக் கேட்பதை அம்மா முதன்முதலாகத் தானே கேட்டாள், என் வசனம் அன்றோடு செல்லாக் காசாகிவிட்டது. எனக்குத்தான் அது தெரியவில்லை.

ஒவ்வொரு கச்சேரியிலும் இதே கதை. சோதித்துப் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கும், ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் போர்வைக்குள்ளிருந்து பாடுவது மாதிரி ஆகிவிடும். ஆள் நிறைந்தால் உடம்புகள் ஓசையைக் குடித்துவிடும் என்று பெட்டிக்காரருக்கு நான் ஒரு வகுப்பே எடுத்தேன், அவரும் பாவம் தலையாட்டினார். பாட்டுக்கு நடுவில் கையை நீட்டிக் கூர்மையான மேல் ஓசையைக் கூட்டுவேன், அடுத்த பாட்டில் மறுபடி மந்தம். இதே சமயம் அம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது, ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் போனை எடுத்துத் தடவுவது. எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும், உன்னிடமே புலம்பினேனே. ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்கத் திட்டினேன், ஜனங்கள் முன்னால் நின்றுகொண்டு போன் பார்க்கிறவள் எதற்குப் பாட வர வேண்டும் என்றுகூடச் சொல்லிவிட்டேன். ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பித் தருகிறவள், அன்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா.

போன மாதக் கடைசியில் புத்தகக் கடை மாடியில் ஒரு மாலைக் கச்சேரி. நாற்பது நாற்காலி இருக்கும். மூன்றாவது பாட்டில் அம்மா குரல் அமுங்குவதாகத் தோன்றி, பின்னால் சாய்ந்து அவள் மைக்கின் குமிழைக் கடைசிவரை திருகினேன். முன்வரிசையில் ஒரு அம்மாள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். அவர் மடியில் இருந்த குழந்தை வாயைத் திறந்து அழுதது. பின்னால் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தேவிட்டார். எங்கே என்ன விழுந்தது என்று நான் தரையைப் பார்த்தேன், வாசித்துக்கொண்டேதான் பார்த்தேன். அம்மா மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்பீக்கரை விட்டு விலகி ஓடினாள், பெட்டிக்காரர் எட்டிக் குமிழைக் குறைத்தார். ‘காது கிழியுதுண்ணே, கேக்கலையா’ என்றார். மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்து கீச்சிட்டு அத்தனை பேர் காதையும் கிழித்த சத்தம், எனக்கு ஒரு கொசுவின் அளவுக்குக்கூடக் கேட்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, மைக்கை வாங்கி ‘மன்னிக்கணும், புது மெஷின், ஏதோ கோளாறு’ என்று சபைக்கே அறிவித்தேன். நீ பார்த்துப் பார்த்து அனுப்பிய பொருள் மேல் பழியைப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, கோளாறு இன்னதென்று கம்பெனிக்கு விவரமாக எழுத வேண்டுமே என்று கூடத்தில் ஸ்பீக்கரை நிறுத்தினேன். என் போனில் சார்ஜ் இல்லை. ஸ்பீக்கர் ஓசையைப் போனிலிருந்தே மாற்ற நீ எங்கள் இருவரையும் போடச் சொன்ன செயலி அம்மா போனிலும் இருக்கிறதே என்று அதை எடுத்தேன், அவள் மாடி வீட்டு டீச்சரோடு பேசப் போயிருந்தாள். திறந்தால் அதில் அவள் சேமித்து வைத்த அமைப்பு இரண்டு. ஒன்றுக்கு ‘அவருக்கு’ என்று பெயர், இன்னொன்றுக்கு ‘எல்லாருக்கும்’. முதலாவதைத் தொட்டால் நான் திருகி வைக்கிற அதே பளிச். இரண்டாவதைத் தொட்டால் போர்வை. நான் சோதிக்கும்போது என் மனம் கோணாமல் ‘அவருக்கு’, ஜனங்கள் வந்து உட்கார்ந்ததும் அவர்கள் காது நோகாமல் ‘எல்லாருக்கும்’. ஏழு மாதமாக, ஒவ்வொரு கச்சேரியிலும், நான் திட்டத் திட்ட அதைச் செய்திருக்கிறாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் அவளிடம் சொல்லாமல் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றாள் அங்கிருந்த பெண். நானும் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன், இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். அப்புறம் வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். கணீரென்று சொன்னேன், ஒன்றில்கூடத் தயங்கவில்லை. பட்டியலைக் காட்டினாள், பாதிக்கு மேல் தப்பு. பசி என்றதைப் படி என்றிருக்கிறேன், சாறு என்றதை ஆறு என்றிருக்கிறேன். ‘உயிரெழுத்து கேக்குது ஐயா, மெய்யெழுத்துதான் கேக்கல’ என்றாள் மெதுவாக. அதையும் இரண்டு முறை சொல்லவைத்தேன்.

அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா முன்னால் வைத்தேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். ‘காலம் வந்த அன்னிக்கே’ என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். ‘ஊர்ல எல்லார் காதும் சரியில்லைன்னு சொல்ற ஆளுகிட்ட எப்படிங்க சொல்றது’ என்று சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழுதுவிட்டாள். நானும் அழுதேன் வாலு, உன்னிடம் சொல்வதில் என்ன வெட்கம். காதை நம்பிப் பிழைத்தவன் நான், அது என்னை ஏமாற்றிக்கொண்டிருந்ததை நான்தான் கடைசியாகத் தெரிந்துகொண்டேன்.

போன சனிக்கிழமை காபிக் கடையில் நான் குமிழைத் தொடவே இல்லை. எப்படி இருக்கிறது என்று அவளைக் கேட்டேன், இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. ‘எனக்கு நல்லா கேக்குது, நீங்க வாசிங்க’ என்றாள். பழைய பாட்டெல்லாம் வார்த்தை வார்த்தையாகத் தெளிவாகக் கேட்டது, எனக்குச் சந்தோஷமாகிவிட்டது, டாக்டர் மிகைப்படுத்துகிறார் என்றுகூட நினைத்தேன். அப்புறம் அவள் போன வாரம் கற்றுக்கொண்ட புதுப் பாட்டைப் பாடினாள். மெட்டு கேட்டது, குரல் கேட்டது, ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. இத்தனை நாள் பழைய பாட்டுகளை நான் ஞாபகத்திலிருந்துதான் கேட்டிருக்கிறேன். காதுக்கு மெஷின் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள், போட்டும் பார்த்தேன், என் கிதார் தகர மூடியைத் தட்டுவது மாதிரி இருக்கிறது. பழக நாளாகுமாம். போடுங்கள் என்று அம்மா சொல்கிறாள், போடுகிறேன் என்று நானும் சொல்லியிருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. என் காதில் மெஷினைப் பார்த்தால் காபிக் கடைக்காரர் அடுத்த சனிக்கிழமை கூப்பிடுவாரா என்று யோசிக்கிறேன்.

இனி உன் விஷயம். காதைச் சோதித்த அந்தப் பெண்ணின் பட்டியலைப் பார்த்ததிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மனதில் ஓடுகிறது. அந்த வாரம் வேறொரு இடத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாய், என் நினைப்பெல்லாம் அதிலேயே இருந்தது. நீ பேசியதில் ‘எடுத்துட்டாங்கப்பா’ என்ற ஒரு சொல்தான் எனக்கு முழுதாகக் கேட்டது. வேலைக்கு எடுத்துவிட்டார்கள் என்று நானே மிச்சத்தை நிரப்பிக்கொண்டு சந்தோஷம் என்றேன், அம்மாவிடம் சொன்னேன், மாடி வீட்டு டீச்சர் வரைக்கும் சொல்லிவிட்டேன். அம்மா வாழ்த்துச் சொன்னபோது நீ ‘ம்’ என்று மட்டும் சொன்னாயாம். வாலு, வேலைக்கு எடுத்துவிட்டார்கள் என்றாயா, வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றாயா? உன் பக்கம் பேச்சில்லாமல் போன அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் எனக்குப் பதில் தெரிந்துவிட்ட மாதிரிதான் இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை. என் காதால் வந்த பிசகு, நான்தான் கேட்க வேண்டும்.

எதுவாக இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு. வெறும் வயிற்றில் காபியை ஊற்றிக்கொண்டு அலையாதே. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்காதே, அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது, அதை மட்டும் வைத்துக்கொள்ளாதே. நீ எங்கே இருந்தாலும் உன் காரியம் கைகூட வேண்டும், மனம் நோகாமல் நீ வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் இருவர் ஆசியும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. பதிலைப் போனில் சொல்லாதே, எழுதி அனுப்பு, ஒரு வரி போதும். வேலையிலிருந்து என்றால், அன்று சொன்ன சந்தோஷத்தை நான் திரும்ப எடுத்துக்கொண்டு, உன்னிடம் சொல்ல வேண்டியிருந்ததைச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
அன்று சரியாகக் கேட்காத,
உன் அப்பா